கடை முழுக்க ரப்பர்தானே

நாய் வேண்டும் என்று கேட்டவர் என் அண்ணன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை வேறு மாதிரி சொல்லப்பட்டது. நான்தான் ஆசைப்பட்டு நாயைக் கொண்டுவந்தேன் என்றும், அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார் என்றும் கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களுக்கு நடுவில் நானும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன்.

பாலக்காடு டவுனில் எங்கள் அத்தா விட்டுப்போன கடை அது. ரப்பர் சாமான்கள். தண்ணீர் ஹோஸ், மில்களுக்கு வேண்டிய பெல்ட், ஆயில் சீல், லாரிக்குப் போடும் புஷ், சுருள் சுருளாக ரப்பர் ஷீட். கஞ்சிக்கோட்டு ஃபேக்டரிகளுக்கும் கிழக்கே இருக்கும் அரிசி மில்களுக்கும் சரக்குப் போகும். அண்ணன் கல்லாவில் உட்காருவார். எலப்புள்ளியில் இருந்த குடோன் என் பொறுப்பு. சுற்றிலும் வெற்று நிலம், வேலியோரம் பனைமரங்கள், நடுவில் தகரம் போட்ட நீளமான கட்டடம். ஒரே மழைக்காலத்தில் இரண்டு முறை தகரத்தைப் பிரித்து ஹோஸ் சுருள்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அதோடு சரி.

"ஒரு நல்ல நாயாப் பாருடா" என்றார் அண்ணன். "சும்மா குரைக்கறது வேண்டாம். மூஞ்சியப் பாத்தாலே ஓடணும்."

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் இருந்து ராட்வைலர் கலப்பில் ஒரு குட்டியை வாங்கி வந்தேன். கறுப்பு உடம்பு, புருவத்தின் மேல் இரண்டு மஞ்சள் பொட்டு. தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. என் மனைவி குடோனுக்கு ஒருநாள் வந்து தூரத்தில் நின்று பார்த்தாள். "பேர் கீர் வச்சுடாதீங்க. பேர் வச்சா ஊட்டுக்குள்ள வந்துடும்" என்றாள். அதனால் பெயர் வைக்கவில்லை. "டேய்" என்றால் வருவான். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கள் வீடுகளில் நாய் வளர்ப்பது வழக்கம் இல்லை. காவலுக்கு வைத்துக்கொள்ளலாம், அதன் எச்சில் பட்டால் கழுவ வேண்டும், அந்தத் துணியோடு தொழக்கூடாது. இது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். என் மனைவி குடோன் வாசலில் ஆணியடித்து ஒரு பழைய சட்டையையும் கைலியையும் மாட்டிவைத்தாள். அதற்கு 'நாய்ச் சட்டை' என்று பெயர். நாயிடம் போகும்போது அதைப் போட்டுக்கொள்வேன். வெளியே இருந்த குழாயில் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவேன். இதில் யாருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

ஒரு வயது ஆவதற்குள் அவன் தாடை என்ன செய்யும் என்பது தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் வாளியை இரண்டாகக் கிழித்தான். மர நாற்காலியின் காலைக் கடித்துத் துப்பினான். சரக்கு ஹோஸில் ஒரு சுருள் முழுவதையும் ஓட்டை போட்டுவைத்தான். மிருகாசுபத்திரிக்கு ஊசி போடக் கூட்டிப்போனபோது டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லி, அடிக்கலாமா என்று கேட்டேன். அவர் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். அவனிடம் தப்பு ஒன்றும் இல்லை, வேலை இல்லை, அவ்வளவுதான். ஓடவேண்டிய ஜாதி, வாயில் எதையாவது கவ்வவேண்டிய ஜாதி. தினமும் ஒரு சாமானை எறிந்து எடுத்துவரச் சொல்லிப் பழக்குங்கள், மற்றதைக் கடிப்பதை அவனே விட்டுவிடுவான் என்றார்.

அதிலிருந்து தொடங்கியது என் தேடல்.

முதலில் டென்னிஸ் பந்து. விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது. இரண்டு முறை எடுத்து வந்தான். மூன்றாவது முறை படுத்துக்கொண்டு, முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்து, பலாச்சுளை பிரிப்பதுபோலப் பிரித்துவிட்டான். அடுத்து கிரிக்கெட் பந்து. அது உடையாது என்று நினைத்தேன். டாக்டரம்மா கேட்டுத் தலையில் கைவைத்தார். பந்து உடையாவிட்டால் பல் உடையும் என்றார். டென்னிஸ் பந்தின் மேல் இருக்கிற பஞ்சுகூட மண்ணைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்த்துவிடுமாம். கோயம்புத்தூரில் நாய்ச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில் அழுத்தினால் கீச்சென்று கத்தும் பொம்மை கொடுத்தார்கள். அதன் சத்தம் ஒரு நிமிடம்கூட உயிரோடு இருக்கவில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்ட சாமான் ஒன்றும் வாங்கினேன். அதன் நூலைப் பிரித்து விழுங்கப் பார்த்தான், பிடுங்கிவிட்டேன். மரக்குச்சி ஈறில் குத்தியது. முழுத் தேங்காய் மட்டையை எறிந்தால் சந்தோஷமாக ஓடினான், ஆனால் எடுத்துவர மாட்டான், அங்கேயே உட்கார்ந்து நார் உரிப்பான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாலிப வயதிலிருந்து ரப்பரில் கை வைத்தவன் நான். எந்த ரப்பர் வெயிலில் வெடிக்கும், எது எண்ணெயில் ஊதும், எதில் மறுசுழற்சித் தூள் கலந்திருக்கிறது என்பதைத் தொட்டே சொல்லிவிடுவேன். ஒரு நாயின் வாய்க்குப் பொருந்துகிற ரப்பரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் எப்படி? கடைச் சரக்கிலேயே தேடினேன். லாரிப் புஷ்ஷைக் கையில் எடுத்து முகர்ந்தேன். அந்த ரசாயன வாடையை ஒரு உயிரின் வாயில் வைக்க மனம் வரவில்லை. பெல்ட்டுக்குள் நூல் இருக்கும், ஹோஸுக்குள் பின்னல் இருக்கும், டயர்த் துண்டுக்குள் கம்பி இருக்கும். எங்கள் கடையில் இருந்ததெல்லாம் இயந்திரத்துக்கு. எதுவும் வாய்க்கு இல்லை.

கடைசியில் கிடைத்தது கறுப்பு நிறத்தில், சுத்தமான இயற்கை ரப்பரில் செய்த பந்து. உள்ளே குழிவு, சுவர் நல்ல தடிமன். ஆன்லைனில் வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். நகம் லேசாக இறங்கியது, எடுத்ததும் தடம் மறைந்தது. நகம் இறங்காவிட்டால் பல்லுக்கு ஆகாது. இறங்கிய தடம் நின்றுவிட்டால் பிய்ந்துவிடும். அளவும் சரியாக இருந்தது. வாயின் பின்பல்லுக்குப் போகாத அளவு. பின்பல்லுக்குப் போனால் எந்த ரப்பரும் தப்பாது, தொண்டையிலும் மாட்டும். முன்பக்கமாகவே கவ்வி வரவேண்டும் என்றால் பந்து அவன் வாய்க்குக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கவேண்டும். இரண்டு வாங்கினேன். ஒன்றைக் கையில் காட்டினால்தான் வாயில் இருப்பதைப் போடுவான்.

எச்சில் ஊறிய பந்தைக் கையால் எடுப்பது எனக்கு ஒவ்வவில்லை. மூன்றங்குலப் பிவிசி குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை நெருப்பில் காட்டி வளைத்து, அகப்பை மாதிரி செய்துகொண்டேன். பந்தை அதில் கோரி வீசினால் கையால் எறிவதைவிட இரண்டு மடங்கு தூரம் போனது. பனைமரம் வரைக்கும் ஓடுவான். திரும்பி வரும்போது காது இரண்டும் பின்னால் மடங்கியிருக்கும். என் காலடியில் பந்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பான்.

மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கடையில் எனக்கு என்று ஒரு நாற்காலி கிடையாது. ஒரு நாளில் யாராவது என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்கள் என்றால் அது அங்கேதான். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

அண்ணன் ஒரு சாயங்காலம் குடோனுக்கு வந்தார். நான் நாய்ச் சட்டையில், கையில் குழாயோடு நின்றிருந்தேன். வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிட்டார்.

"காவலுக்குன்னு கொண்டாந்தது. நீ அதுகூட பந்து விளையாடிட்டு நிக்கறே."

"ஓட்டமில்லேன்னா சரக்கைக் கடிக்குதுங்கண்ணா. டாக்டர் சொன்னாங்க."

"சரி, அதுக்கு எங்கிருந்தோ பந்து வரவழைக்கணுமா? நம்ம கடை முழுக்க ரப்பர்தானே. ஒரு துண்டை வெட்டிப் போட்டா ஆகாதா?"

நூல் இருக்கிறது, கம்பி இருக்கிறது, விழுங்கினால் குடலில் சுற்றிக்கொள்ளும் என்று விளக்கினேன். நான் பேசி முடிக்கும் வரை சிரித்தார். "நாய்க்கு இஞ்சினியர் ஆயிட்டே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து மகள் வீட்டுக்கு உடுமலைப்பேட்டை போயிருந்தேன். பேரனுக்குச் சுன்னத்து. இரண்டு நாள் குடோனை அண்ணன் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது நாய் எழுந்து வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தான். சுற்றிலும் மஞ்சளாக வாந்தி. பந்தைக் காட்டினேன், கண்ணை மட்டும் திருப்பினான். கூரைத் தூணுக்கு அடியில் ஒரு மில் பெல்ட்டின் முனை கிடந்தது. ஒரு சாண் இருக்கும். மீதியைக் காணவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஆமா, லோடு ஏத்தறப்போ ஒரே சத்தம். ஒரு பெல்ட் துண்டை வெட்டிப் போட்டேன். ரெண்டு நாளும் வாயத் திறக்கலை. உன் பந்தைவிட நல்லா வேலை செஞ்சுது."

ஆட்டோவில் ஏற்றி மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா உடனே திருச்சூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். குடலுக்குள் ஐந்தாறு துண்டுகள். நூல் பிரிந்து ஒன்றோடு ஒன்று பின்னி, குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துவைத்திருந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அழுகியிருக்கும் என்றார்கள். எடுத்ததை ஒரு தட்டில் போட்டுக் காட்டினார்கள். கேட்டு வாங்கி, கழுவி, பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தேன்.

மறுநாள் கடைக்குப் போய் அதை அண்ணன் முன்னால் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. ஒரே ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன். 'அட, தெரியாமப் போட்டுட்டேன்' என்று சொல்லியிருந்தால் போதும், அன்றோடு தீர்ந்திருக்கும்.

அண்ணன் அன்றைய பேப்பரை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார். "வியாபாரம் நடக்கற இடத்துல கொண்டாந்து எதை வைக்கறே?" என்றார். கடைக்கு வந்திருந்த மில்காரர் ஒருவர் என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, தம்பியோட நாய் நம்ம சரக்கைத் தின்னுடுச்சு. அதுக்கு ஆபரேஷன் பண்ணிட்டு வந்திருக்கான்" என்றார் அண்ணன். மில்காரர் சிரித்தார்.

ஒரு வாரத்துக்குள் டவுனில் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. நாய்க்கு ஆபரேஷன் செய்த வீடு என்று எங்கள் வீட்டுக்குப் பெயர். பெல்ட்டை யார் போட்டது என்பது அந்தக் கதையில் இல்லை.

அதன் பிறகு அண்ணனுக்குத் திடீரென்று மார்க்கப் பற்று கூடியது. நாய் தொட்ட கையோடு தம்பி கடைக்கு வருகிறான், கஸ்டமருக்கு டீ எடுத்துக் கொடுக்கிறான், சங்கடமாக இருக்கிறது என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என்னைக் கையைப் பிடித்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கூட்டிப்போனார். ஹஜ்ரத் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். பந்து விளையாட்டை இரண்டு முறை சொன்னார்.

ஹஜ்ரத் என்னைப் பார்த்துக் கேட்டார். "நாய் எங்க இருக்கு?"

"குடோன்லங்க. காவலுக்கு."

"எச்சில் பட்டாக் கழுவறியா?"

"கழுவி, குளிச்சு, துணி மாத்திட்டுத்தானுங்க வர்றேன்."

"அப்பறம் என்ன?" என்றார் ஹஜ்ரத் அண்ணனிடம். "காவலுக்கு வச்சுக்கத் தடையில்லை. வச்சா பட்டினி போடாம, கொடுமை பண்ணாம வச்சுக்கணும். ஓட விடறதும் அதோட சேர்ந்ததுதான்." சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் விடுவிடுவென்று காருக்கு நடந்தார். கதவைத் திறந்துகொண்டே, "அவருக்கு வயசாயிடுச்சு" என்றார்.

விஷயம் என்னவென்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குடோன் நிலத்தைக் கோயம்புத்தூர்ப் பார்ட்டி ஒருவருக்குக் கொடுக்க அண்ணன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். ஹைவேக்குப் பக்கம், பெரிய வேர்ஹவுஸ் கட்டப் போகிறார்கள். அதற்கு என் கையெழுத்து வேண்டும். நான் அங்கே தினமும் போய்க்கொண்டிருக்கிறவரை, அந்த இடத்தின்மேல் எனக்குப் பிடிப்பு இருக்கிறவரை, கையெழுத்து சுலபமாகக் கிடைக்காது என்று நினைத்திருக்கிறார். நாய் அவருக்கு ஒரு வாசல். அதன் வழியாக உள்ளே நுழைந்தார்.

அண்ணன் வீட்டில் உட்கார்ந்து பாகம் பிரித்தோம். குடும்பத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். "இவன் நாயைக் கட்டிட்டுத் திரியறான். எத்தனை நாளைக்கு நான் ஒத்தையா இழுக்கறது?" என்று அண்ணன் சொன்னபோது அவர்கள் தலையாட்டினார்கள். கடை அண்ணனுக்கு. குடோன் விற்பனைக்கு. எனக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் போட்ட ஒரு ரூமும், கையில் கொஞ்சம் பணமும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நாயால எல்லாம் போச்சு."

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "நாய் இல்லேன்னா என்னைச் சொல்லியிருப்பாங்க. நான் இல்லேன்னா மருமகனைச் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

குடோனைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியது. நாயை எங்கே வைப்பது? எங்கள் வீடு டவுனில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் இருக்கிறது. பின்கட்டு சமையலறையை ஒட்டினாற்போல. அங்கே வைக்கலாமா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்போதுதான் காந்தலூரிலிருந்து ஒருவர் சரக்கு எடுக்க வந்தார். வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு ஹோஸ் வாங்க வருகிறவர். பூண்டும் கேரட்டும் பயிர்செய்கிற சம்சாரி. காட்டுப்பன்றி ராத்திரியில் புகுந்து கிளறிவிடுகிறது என்று புலம்பினார். என் நாயைப் பற்றிச் சொன்னேன்.

"குடுங்க பாய், ராசா மாதிரி வச்சுக்கிருவம். ஓடுறதுக்கு மலையே கிடக்கு" என்றார்.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாக வாடகை வண்டியில் நானே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் என் தொடைமேல் தலையை வைத்துத் தூங்கினான். இரண்டு பந்துகளையும் குழாயையும் கொடுத்து, எப்படி வீசுவது, விளையாடி முடிந்ததும் பந்தை வாங்கி வைத்துவிடவேண்டும், பிய்ந்தால் உடனே எனக்குச் சொல்லவேண்டும் என்று அந்தச் சம்சாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகத்தான் கேட்டார். கிளம்பும்போது அவனுக்குத் தெரியாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது. வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வந்தான், பந்தைக் கவ்விக்கொண்டு.

போனில் விசாரிப்பேன். "நல்லாருக்கு பாய், பன்னி ஒண்ணுகூட கிட்ட வரல" என்பார் ஒவ்வொரு முறையும். புது ரூமில் வியாபாரம் ஊன்றுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. அண்ணன் கடையைத் தாண்டி யாரும் என்னிடம் வரவில்லை. அடுத்த வருடக் குளிரில்தான் காந்தலூர் போக முடிந்தது.

தோட்டத்து மேட்டில் பூண்டுப் பாத்திகளுக்கு நடுவே ஒரு இரும்புக் கழி நட்டு, அதில் சங்கிலியோடு கட்டியிருந்தார்கள். அவனைச் சுற்றி வட்டமாக மண் தேய்ந்து பாறை தெரிந்தது. நான் "டேய்" என்றதும் எழுந்தான். சங்கிலி இழுக்கும் வரை ஓடிவந்து, அது இழுத்ததும் விழுந்து, மறுபடி எழுந்தான். கிட்டே போய் உட்கார்ந்தேன். நாய்ச் சட்டை எல்லாம் அன்றைக்கு இல்லை. என் கையை வாயில் கவ்விக்கொண்டான். சின்ன வயதிலிருந்து அவன் அப்படிச் செய்வதுண்டு, மெதுவாகக் கவ்வுவான், பல் பதிவது தெரியும். இப்போது பல் தெரியவில்லை.

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பற்கள் ஈறு வரை தேய்ந்து மழுங்கிக் கிடந்தன. மேல் கோரைப்பல்லில் ஒன்று பாதியில் உடைந்து நடுவில் கறுப்பாகத் தெரிந்தது.

"சங்கிலியக் கடிச்சுக்கிட்டே கிடக்கும் பாய்" என்றார் சம்சாரி. "சங்கிலி இல்லேன்னா கல்லு. பகல் பூரா அதே சோலிதான். அவுத்துவிட்டா பாத்திய மிதிச்சிருதுல்ல."

"பந்து குடுத்தேனே."

"அது பத்திரமா இருக்கு, வாங்க" என்று கூட்டிப்போனார். மேட்டில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் அடிப்பக்க ஓட்டையில் என் பந்தைச் செருகி, கம்பியால் வரிந்து அடைத்திருந்தார்கள். அவருக்கு அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பெருமையாகவே காட்டினார். "என்னத்தையெல்லாமோ வச்சுப் பாத்தம் பாய். இதுதான் நின்னுச்சு. ஒரு சொட்டு ஒழுகல. நீங்க குடுத்த ரப்பரு ரப்பருதான்." இன்னொன்றைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எடுத்துப்போய்விட்டார்களாம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மதியத்துக்குக் கோழி அடித்துச் சமைத்துப் போட்டார், அறுப்பதற்கு ஊரிலிருந்த எங்கள் மார்க்கத்து ஆள் ஒருவரைத் தேடிக் கூட்டிவந்து. நாய்க்கும் வேளாவேளைக்குச் சோறு வைத்திருந்தார். அவரை நான் திட்ட முடியவில்லை.

தோட்டத்து வரப்பில் நின்று மனைவிக்குப் போன் செய்தேன். பல்லைப் பற்றிச் சொன்னேன். தொட்டியைப் பற்றியும் சொன்னேன்.

"கொண்டு வாங்க" என்றாள். "பின்கட்டுல விறகு கிடக்கற மூலைய ஒழிச்சு வைக்கறேன்."

"பக்கத்து ஊட்டுக்காரங்க சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நம்மளச் சொல்லாதவங்க இனி யாரு இருக்கா?"

சம்சாரியிடம் கேட்டபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்குறீகளே பாய்" என்றார். பூண்டு பறிக்கும் சமயம், பன்றி வரும், அதற்குப் பிறகு எடுத்துப் போங்கள் என்றார். நான் முடியாது என்றேன். அத்தனை நாள் யாரிடமும் சொல்லாத 'முடியாது' அது, அவரிடம் போய் வாயில் வந்தது. அவர் எழுந்து போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, என்னிடம் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டார். அதன் பிறகு அவர் என்னிடம் ஹோஸ் வாங்க வரவில்லை.

உடைந்த பல்லைப் பிடுங்கவேண்டியிருந்தது. டாக்டரம்மா அவன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இனிமேல் கெட்டியான எதையும் கொடுக்காதீர்கள், கறுப்பு ரப்பர் வேண்டவே வேண்டாம் என்றார். மறுபடி தேடினேன். இந்த முறை பல் இல்லாத குழந்தைக்குத் தேடுவது மாதிரி. பஞ்சு மாதிரி மெத்தென்ற பந்து ஒன்று கிடைத்தது. பின்கட்டில் ஆறடி தூரத்துக்குத்தான் உருட்ட முடியும். உருட்டினால் நடந்துபோய் எடுப்பான். கவ்வியது பாதியில் நழுவி விழும். திரும்பக் கவ்வுவான். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். பந்து அவள் பக்கம் உருண்டு வந்தால் முறத்தால் தள்ளிவிடுவாள்.

இந்த வருடம் அண்ணன் சந்திரநகர் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோனார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு ஒருநாள் கடையில் இருந்தபோது அவரிடமிருந்து போன். பாகம் பிரித்த பிறகு அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உடம்புக்கு ஏதாவதா என்று நினைத்தேன்.

"இந்தப் பக்கம் ஊடுக தள்ளித்தள்ளி இருக்கு. ராத்திரி பயமா இருக்குங்கறா உன் மச்சி" என்றார். அண்ணியைத்தான் எங்கள் வீடுகளில் மச்சி என்போம். "ஒரு குட்டி வாங்கிட்டோம். உன்னோடது மாதிரியேதான், பெரிய தலை. வந்து ரெண்டு வாரத்துல சோஃபாவைக் கிழிச்சுப் போட்டுடுச்சு. அதுக்குக் கடிக்கறதுக்கு, எறிஞ்சா எடுத்தாரதுக்கு, ஏதோ ரப்பர் பந்து வச்சிருந்தியே. எது நல்லது? பையன் கேக்கறான்."

கடை வாசலில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகிற வரைக்கும் எனக்கு அவகாசம் இருந்தது. கேட்டிருக்க வேண்டியவை எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. எதையும் கேட்கவில்லை. அந்தக் குட்டி யாருக்கு என்ன செய்தது? என்ன அளவு, எவ்வளவு மெத்து, பல் முளைக்கிற வயதில் எதை வாங்கவேண்டும், பிறகு எதை, எதையெல்லாம் கண்ணில் காட்டக்கூடாது என்று எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். பையனிடம் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அவர் நடுநடுவே "ம்" கொட்டினார்.

"இவ்வளவு இருக்கா இதுல?" என்றார் கடைசியில்.

"இருக்குங்கண்ணா."

"சரி, வச்சிடறேன். மச்சி கூப்பிடறா."

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அண்ணனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். "நம்ம ஆளைப் பத்திக் கேட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.